பல் டாக்டர் எடுத்த நிலா

பல் டாக்டருடைய மைத்துனியின் கணவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர். டாக்டர் வாங்கிய புதுக் கேமராவைப் பொருத்த உதவி செய்வதற்கென்றே சாயங்காலம் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு மனைவியோடு வந்திருந்தார். டாக்டர் வீட்டு மொட்டை மாடியில் நின்ற டெலஸ்கோப்பில், கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் செருகியிருந்ததைக் குனிந்து பார்த்தார்.

"இதுவா சகலை கேமரா? ஷூ பாலிஷ் டப்பாவுக்கு ஒயர் மாட்டின மாதிரி இருக்கு."

"வானத்தை எடுக்கறதுக்குன்னே செய்யறது சகலை. பொத்தான் கிடையாது, திரை கிடையாது, எல்லாம் லேப்டாப்லதான். அதுவும் கலர்," என்ற பல் டாக்டர் மீசையை முறுக்கிக்கொண்டார்.

அந்த மீசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல்லைப் பிடுங்கியதும் டாக்டர் முகமூடியைக் கழற்றுவதே அதைக் காட்டத்தான். ஸ்டுடியோக்காரருக்கோ மூக்குக்குக் கீழே எண்ணிப் பத்து முடி. மாமனார் வீட்டில் நாலு பேர் கூடினால் போதும், டாக்டர் அந்தப் பத்தையும் எண்ணிக் காட்டிச் சிரிக்க வைப்பார்.

கேமராவை இணைத்துப் பார்த்தால் திரை ஒரே கறுப்பு. அரை மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு, மூடியைக் கழற்றவில்லை என்பதை டாக்டரின் மனைவி கண்டுபிடித்தார். கழற்றினால் எல்லாம் பச்சை, பாசி பிடித்த தொட்டி மாதிரி.

ஸ்டுடியோக்காரர்தான் மென்பொருளைத் துழாவி, கலர் என்று இருந்த கட்டத்தில் ஒரு டிக் போட்டார். நாலு தெரு தள்ளி ஒரு மாடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டையை வைத்து ஃபோகஸ் பிடித்தார்கள். சட்டை தலைகீழாகத்தான் தெரிந்தது, ஆனால் செக்கச்செவேலென்று தெரிந்தது.

டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. "நல்லா இருட்டட்டும், வியாழனைப் பட்டை பட்டையா கலர்ல காட்டறேன்."

"வியாழன் எதுக்கு? அதோ உச்சியில நிலா நிக்குது. அதைக் கலர்ல எடுங்க பார்ப்போம்," என்றார் ஸ்டுடியோக்காரர். "எடுத்துட்டீங்கன்னா என் கடை வாசல்ல உங்க போட்டோவை ஆளுயரத்துக்கு மாட்டறேன்."

"எடுக்கலைன்னா பாதி மீசையை எடுத்துக்கறேன், போதுமா?" என்றார் டாக்டர். அடுத்தவர் வாயை நாள் முழுக்கத் திறந்து பார்ப்பவருக்குத் தன் வாயை மூடத் தெரியவில்லை.

இருட்டியதும் நிலா திரையில் வந்தது. குழி குழியாக, மேடு மேடாக, அவ்வளவு துல்லியமாக வந்தது. ஆனால் பூசி முடித்த சிமெண்டுச் சுவர் மாதிரி சாம்பலாக வந்தது.

டாக்டர் டிக்கை எடுத்துப் பார்த்தார், திரும்பப் போட்டுப் பார்த்தார். ஒயரைப் பிடுங்கி ஊதிச் செருகினார். கலரைக் கடைசி வரை ஏற்றினால் நிலா முழுக்க வேர்க்குரு மாதிரி பொரிப்பொரியாகப் புள்ளிகள் கிளம்பின.

"சட்டை செவப்பா வந்துச்சே சகலை," என்றார்.

"வெளிச்சத்துல எந்தக் கேமராவும் கலர் காட்டும். இருட்டுலதான் சரக்கோட தரம் தெரியும். முப்பது வருஷமா இதே தொழில்ல இருக்கேன், நான் பார்க்காததா?"

டாக்டருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மனைவி கீழே போய்க் கத்திரிக்கோலோடு வந்து நின்றார். "பதினெட்டு வருஷமா குத்துது. சொன்னா சொன்னபடி நடந்துக்கங்க."

இடது பாதி இரண்டே வெட்டில் போயிற்று. ஸ்டுடியோக்காரர் அதை மூன்று கோணத்தில் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவைத்தார். வலது பாதியை டாக்டரே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எடுத்தார்.

வண்டியின் பின்சீட்டில் ஏறும்போது மைத்துனிக்கு மனசே ஆறவில்லை. "பாவம் அத்தான். ஆசை ஆசையா வாங்கினார், இப்படியா ஓட்டை கேமராவைத் தலையில கட்டுவாங்க? நாளைக்கே திருப்பிக் கொடுக்கப்போறாராம்."

ஸ்டுடியோக்காரர் மாடியை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

"கேமராவுக்கு ஒண்ணுமில்லடி, நிலாவே அந்தக் கலர்தான்."