பேசிக்கிட்டே இரு, தங்கச்சி!

"அசையக் கூடாது சார். அசைஞ்சா மொதல்லருந்து எடுக்கணும்."

முகக்கவசம் போட்ட டெக்னீஷியன் பெண், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மைக்கில் சொன்னாள்.

எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் நெஞ்சு வரை போனதுமே அருள்பாண்டிக்கு வேர்த்துக் கொட்டியது. கப்பலூர் தொழிற்பேட்டையில் நாற்பது பேரை அதட்டி வேலை வாங்குகிற முதலாளி, கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"மூச்சு முட்டுது தங்கச்சி! நீ பாட்டுக்கு எதையாவது பேசிக்கிட்டே இரும்மா!"

தகரத்தைத் தேய்த்த மாதிரியான அந்தக் கரகரத்த குரல் பேசியது. சொந்த ஊர் சோழவந்தான், வெற்றிலைக் கொடிக்கால், வைகையில் வந்த தண்ணீர் என்று அது சொல்லச் சொல்ல, அவருக்குப் போன உயிர் திரும்பியது.

"உன் குரலைக் கேட்டாத்தான் தைரியமா இருக்கு. நிப்பாட்டிராத தாயி!"

"நெசமாவா சார்? பத்து வருசத்துக்கு முன்னாடி என்னையப் பொண்ணு பாக்க வந்து, பாடச் சொல்லிக் கேட்டுட்டு, 'இந்தத் தகரக் குரலை ஆயுசுக்கும் எவன் கேக்குறது'ன்னு சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுப் போனீகளே?"

அருள்பாண்டி தலையைத் தூக்கிப் பார்க்க முயன்றார்.

"இன்னும் இருபது நிமிசம் இருக்கு. அசையாம படுங்க."

மைக் 'டக்'கென்று அணைந்தது.