இடப்பக்கத்து இலை

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்திருப்பேன், கையில் கற்பூரம் இல்லை. சட்டைப் பையில் சர்க்கரை பார்க்கிற மீட்டர் இருக்கிறது. அதன்மேல் அடித்துச் சொல்கிறேன்.

இன்று கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததும் இடப்பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையை விரித்துவிட்டேன்.

நாற்பத்திரண்டு வருடப் பழக்கம். கை தானாகச் செய்தது.

"அண்ணாச்சி, இங்க ஆள் வருதா?"

ஒருவர் நின்று கேட்டார். கைக்குட்டையை எடுத்திருக்கலாம்.

"வருது" என்றேன்.

அவர் போய்விட்டார். இலை போடுகிறவர் அந்த நாற்காலிக்கு முன்னாலும் ஓர் இலையைப் போட்டார். தண்ணீரை நானே தெளித்தேன்.

என் மனைவி பிரமு பங்குனியில் போனாள். அவளுக்குச் சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. பதினொரு வருடமாகச் சர்க்கரை எனக்குத்தான். வரிசைப்படி நான்தான் போயிருக்க வேண்டும்.

முந்திக்கொண்டாள். பந்தியிலும் அவள் அப்படித்தான்.

அந்தப் பதினொரு வருடத்தில் நூற்றெழுபது கல்யாணத்துக்குப் போயிருப்போம். ஒரு ஜாங்கிரிகூட என் வாய்க்கு வந்து சேர்ந்ததில்லை. இலையில் விழுந்த மறுகணம் இடப்பக்கத்திலிருந்து ஒரு கை வரும். ஜாங்கிரி அவள் இலைக்குப் போய்விடும். வள்ளியூர்க் கல்யாணத்தில் அது இலைவரைக்கும் வரவே இல்லை, அந்தரத்திலேயே பிடித்தாள். வீடியோக்காரர் மூன்று தரம் ஓட்டிப் பார்த்தார். ஜாங்கிரி இருந்தது தெரிந்தது. இல்லாமல் போனதும் தெரிந்தது.

கை தெரியவில்லை.

இப்போது காலையில் கோதுமை ரவை, ராத்திரி இரண்டு சப்பாத்தி. நானே சுட்டு நானே போட்டுக்கொள்கிறேன். இன்னும் ஒன்று வைக்கட்டுமா என்று நானே கேட்பேன். வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன்.

கட்டுப்பாடு அப்படி.

மகள் வடிவு ஓசூரில் இருக்கிறாள். மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆனதும் வீடியோவில் கூப்பிடுவாள். அவள் கண்முன் விரலைக் குத்தி மீட்டரைக் காட்ட வேண்டும்.

"எப்பா, முன்னூறத் தாண்டுச்சுன்னா அப்புறம் பேச்சே கெடையாது. வீட்டப் பூட்டிட்டு இங்க வந்துரணும். இல்லன்னா நானே வந்து பூட்டுவேன்."

ஓசூருக்குப் பிரமு ஒருநாளும் போனதில்லை. நான் அங்கே போய் உட்கார்ந்துகொண்டால் அவளுக்கு வழி தெரியாது. பஸ் ஸ்டாண்டிலேயே நிற்பாள்.

ஜாங்கிரித் தட்டோடு வந்தவர் நின்றார்.

"அம்மா கை கழுவப் போயிருக்காவளா?"

"ஆமா. வந்துருவா. ரெண்டு இலைக்கும் வச்சிருங்க. அவளுக்கு ரெண்டா வைங்க."

"அம்மாவுக்கு சுகரு இல்லையா அண்ணாச்சி?"

"எனக்குத்தான்."

"குடுத்து வச்ச மகராசி" என்று சிரித்துக்கொண்டே வைத்தார். எனக்கு ஒன்று. அவளுக்கு இரண்டு. பின்னாலேயே பாயசக் கிண்ணமும் ஆளுக்கொன்று வந்தது.

நான் என் கணக்குப்படி சாப்பிட்டேன். ஒரு கரண்டி சோறு. அவியல் மட்டும் மறுபடி கேட்டு வாங்கினேன்.

ஜாங்கிரி இலை ஓரத்தில் இருந்தது.

கை வரவில்லை.

எட்டவில்லையோ என்று இலையை அவள் பக்கம் இரண்டு விரற்கடை நகர்த்தி வைத்தேன்.

வரவில்லை.

எல்லாரும் மோருக்கு வந்துவிட்டார்கள். வரிசைக் கோடியில் இலை எடுக்கிற அம்மா வாளியோடு வந்து நின்றாள். தொடாத இலையானாலும் அவள் அப்படியே சுருட்டித்தான் போடுவாள். பிரமுவின் இலை வாளிக்கு ஒரு பருக்கையோடுகூடப் போனதில்லை.

நான் தலையைத் தூக்கிக் காற்றாடியைப் பார்த்தேன். நல்ல காற்றாடி. மூன்று றெக்கை. எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது.

குனிந்து பார்த்தால் ஜாங்கிரி இல்லை. என் இலையிலும் இல்லை, அவள் இலையிலும் இல்லை. அவள் இலையில் சோறில்லை, கறியில்லை. பாயசக் கிண்ணம் இரண்டும் காலி. விரலால் வழித்திருந்தது.

அப்படி வழிப்பது அவள்தான்.

என் விரல்கள் பிசுபிசுத்தன. போகிறபோது என் கையை ஒருதரம் பிடித்துவிட்டுப் போனாள். அதனால்தான்.

என் இலையை மடித்தேன். அவள் இலை முன்பே மடித்திருந்தது.

"அம்மா நல்லா சாப்ட்டாவளா?" என்றார் ஜாங்கிரிக்காரர், காலித் தட்டோடு திரும்பும்போது.

"சாப்ட்டா. எனக்குத்தான் ஒண்ணும் மிச்சம் வைக்கல."

கைக்குட்டையை எடுத்து உதறி, மடித்து, சட்டைப் பையில் வைத்தேன். மீட்டருக்குப் பக்கத்தில்.

மூன்று மணிக்கு வடிவு கூப்பிட்டாள். நடந்ததை நடந்தபடியே சொன்னேன். வள்ளியூர் வீடியோவையும் ஞாபகப்படுத்தினேன்.

கடைசியில், "வெரல நீட்டுங்கப்பா" என்றாள்.

மீட்டரில் நானூற்றுப் பன்னிரண்டு.