வாய்க்குள் ஸ்கூட்டர் சாவி

குருபாதம் ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர். எத்தனையோ பேரை "கண்ணு தெரியல, லைசென்ஸ் கிடையாது" என்று விரட்டியவர், எண்பத்திரண்டு வயதில் தன் ஸ்கூட்டரைப் பால்காரரின் கால்மேல் ஏற்றிவிட்டார். மறுநாள் காலையிலேயே மூன்று பிள்ளைகளும் வந்து சாவியைக் கேட்டார்கள். அவர் அதை வாயில் போட்டுக்கொண்டு பல்லை இறுக்கினார்.

பெற்றோரைப் பூப்போல ஏந்த வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசுகிற மூத்தவன் நம்பி, அப்பாவைக் கட்டிலில் தள்ளி நெஞ்சின்மேல் முழங்காலை ஊன்றினான். இளையவன் மூக்கைப் பொத்தினான். மகள் வசந்தா கரண்டிக் காம்பை உதடுகளுக்கு நடுவே நுழைத்து நெம்பினாள்.

"ஆ காட்டுங்கப்பா. சமத்துல்லா!"

பல்செட் உடைந்தது. நம்பியின் வெள்ளைச் சட்டையில் ரத்தம் தெறித்தது.

"ஏல, மூச்சு முட்டுதுல அவருக்கு!" என்று அம்மா அவன் முடியைப் பிடித்து இழுத்தாள்.

"சும்மா இரும்மா. அவரு நல்லதுக்குத்தான செய்யுதோம்."

குருபாதத்தின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு அவராகவே வாயை அகலத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். உள்ளே சாவி இல்லை.

"இப்ப எடுல, பாப்போம்" என்றார்.

நம்பி முழங்காலை எடுக்கவில்லை. சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டான்.