கோடரிக்கு யார்?

விளையாட்டு விமர்சகி எழினி அந்தத் திகில் விளையாட்டை ஒன்பது முறை ஆடினாள். அதில் வருபவர்களுக்கு, ஆடுபவரின் குடும்பத்தார் முகமும் குரலும்தான். கோடரிக்காரன் கதவை உடைத்ததும், கணவனா தங்கையா, யாரை அவனிடம் தள்ளுவது என்று விளையாட்டு கேட்கும். ஒவ்வொரு முறையும் கணவன் முகிலனையே தள்ளினாள். மண்டை பிளந்து, அவள் பெயரைக் கதறியபடி அவன் செத்தான்.

“ரத்தம் தத்ரூபம். ஆனால் நாம் எடுக்கும் முடிவுகள் மனதில் தடம் பதிக்கவில்லை” என்று எழுதி, ஆடிய பதிவோடு வெளியிட்டாள்.

மாலையில் முகிலன் அதைப் பார்த்துவிட்டு வந்தான்.

“ஒன்பது தடவையும் நான்தானா?”

“வெறும் கேம்தானேங்க.”

“நானும் ஆடினேன். உன்னையும் தள்ள முடியல, தம்பியையும் தள்ள முடியல. நானே அவன் முன்னாடி போய் நின்னேன். கோடரி நெஞ்சுல இறங்குச்சு. அப்படியொரு வழி இருக்குன்னு உன் விமர்சனத்துல ஒரு வரிகூட இல்லையே, எழினி.”