பின்சீட்டுக்குப் போன சத்தம்

மின்சாரக் காரில் சத்தமே இருக்காது என்று சொல்லித்தான் பெரியவர் தலையில் கட்டினார்கள். இப்போது மூன்றாவது தடவையாக சர்வீஸ் சென்டரில் வந்து நிற்கிறார்.

"கரகரன்னு அரைக்குது. இன்னைக்குச் சரி பண்ணலேன்னா வண்டி உங்களுக்கு, பணம் எனக்கு."

மெக்கானிக் தனியாக ஒரு சுற்றுப் போய் வந்தார். "சத்தமே இல்லீங்களே, ஐயா."

"அப்ப நான் புளுகுறேனா?"

"இவரோட போறப்ப எனக்கும்தான் கேக்குதுப்பா," என்றாள் கூட வந்திருந்த பெரியவரின் மனைவி.

மெக்கானிக் பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினார். பக்கத்திலிருந்து கரகரத்தது. அவரைப் பின்சீட்டுக்கு அனுப்பினார். சத்தமும் கூடவே பின்னால் போய்விட்டது. வண்டியை ஓரங்கட்டி அணைத்தார். அப்போதும் அரைத்தது.

"இது எப்பலேர்ந்து, ஐயா?"

"நான் வாங்கின மறுவாரமே இதே வண்டிக்கு அடிமாட்டு விலை வச்சானே உங்க கம்பெனிக்காரன், அன்னையிலேர்ந்து."

மெக்கானிக் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார்.

"தப்பா நெனைக்காதீங்க, ஐயா. அந்தப் பல்செட்டைக் கொஞ்சம் கழட்டுங்க."

கழற்றினார். சத்தம் நின்றுவிட்டது.

"வண்டியில ஒரு கோளாறும் இல்ல. விலை கொறைஞ்ச வயித்தெரிச்சல்ல நீங்கதான் பல்லைக் கடிக்கிறீங்க."

பெரியவர் பல்செட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"விலையைப் பழையபடி ஏத்தினா சத்தம் நின்னுரும், இல்ல?"

"நின்னுரும்."

"அப்ப ஏத்தச் சொல்லு தம்பி. வண்டிக்கு இன்னும் வாரண்டி இருக்கு."