பெருவிரலில் துடித்தது

தொண்ணூற்று நான்காம் வருஷம் என் சம்சாரம் நாச்சாத்தாளுக்கு இடது கை கறுத்தது. நெஞ்சில் பல வருடமாக ஆறாத டி.பி. தூண்டிவிட்டதில், அவள் உடம்பே தன் ரத்தக்குழாய்களைப் புண்ணாக்கி அடைக்கிறதாம். கையில் நாடியே இல்லை, எடுத்துவிட வேண்டும் என்றார் கோயமுத்தூர் டாக்டர். டாக்டர் பேச்சை நான் நம்புவதில்லை. நானே அவள் மணிக்கட்டில் பெருவிரலை வைத்துப் பிடித்துப் பார்த்தேன். நன்றாகத் துடித்தது.

"ஏனுங்கம்மணி, துடிக்கற கையவா வெட்டுவீங்க?" என்று நர்ஸ் அமலியிடம் கேட்டேன்.

"பெருவிரல்ல புடிச்சா உங்க நாடிதானுங்க அப்பாரு துடிக்கும்" என்று சிரித்தாள். அதைக் காட்டித் தர என் மணிக்கட்டைப் பிடித்தாள். சிரிப்பு நின்றது. அடுத்த கையைப் பிடித்தாள். கழுத்தைத் தொட்டாள். எங்கும் நாடி கிடைக்காமல் டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

நாச்சாத்தாள் கண் திறந்தாள்.

"ஆரு என்ன சொன்னாலும் என் கைய உட்றாதீங்க மாமா" என்றாள்.

என் பெருவிரலுக்குக் கீழே அது துடித்துக்கொண்டே இருந்தது.