தாமதமாக வந்த விசாரிப்பு

‘சாப்பிட்டியா?’ என்று தினமும் மதியம் கணவனிடமிருந்து கைப்பேசிக்கு வரும் ஒற்றை வரியை, பார்ப்பவரிடமெல்லாம் காட்டிப் பீற்றிக்கொண்டவள் அவள். அதை அனுப்புவது அவன் இல்லை, வேலைகளைத் தானாக ஓட்டும் அலுவலக மென்பொருள் என்று அவனுடைய நண்பர் வாய்தவறி உளறியதும், வீட்டில் இடி இறங்கியது.

“பொண்டாட்டிய விசாரிக்கக்கூட ஆள் வச்சிட்டீங்க, இல்ல?”

“ஆரம்பத்துல வச்சேன்தான். ஆனா…”

“அதுவும் உங்கள மாதிரியே சோம்பேறி. நேத்து மூணு மணிக்குத்தான் விசாரிச்சுது!”

“நான் சொன்னா நம்புவியா?”

“சரக்கக் காட்டுங்க. அப்புறம் விலை பேசலாம்.”

அவன் மடிக்கணினியைத் திறந்தான். எந்த வேலை எப்போது ஓடியது என்று காட்டும் பக்கம் விரிந்தது. பில், சம்பளம், பேக்கப் எல்லாம் இன்று காலைவரை ஓடியிருந்தன. ‘சாப்பிட்டியா’ மட்டும் கடைசியாக ஓடியது அவளுடைய போன பிறந்தநாளில்.

“அன்னைக்கு ஹோட்டல்ல என் எதிர்லயே உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்த. அப்பவும் ‘சாப்பிட்டியா’ன்னு வந்துச்சு. நான் விளையாடுறேன்னு நெனச்சு நீ சிரிச்ச. எனக்கு மானம் கப்பலேறிப் போச்சு. அன்னைக்கே நிறுத்திட்டேன்.”

“அப்ப நேத்து வந்தது?”

“நான்தான் அடிச்சேன். மீட்டிங் முடிய லேட்டாயிடுச்சு.”

அவள் மடிக்கணினியை மெல்ல மூடினாள்.

“சரி… நீங்க சாப்பிட்டீங்களா?”

இத்தனை நாளில் அவள் அதைத் திருப்பிக் கேட்டதே இல்லை என்பது, கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது.